நிலக்கரி வண்டிக்கு அடியில்

ஆவணி, வியாழக்கிழமை

முனுசாமியை இன்று எரித்தோம். பக்கத்து வீட்டுக்காரர். ஊரை ஒட்டிப் போகும் இந்த ரயில் கிளைப் பாதை போட நெல்வயலைக் கொடுத்தவர்.

ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே நிலக்கரி வண்டி வழியை மறித்து நின்றிருந்தது. எடுத்த பாடையைத் திருப்பக் கூடாது. இருட்டுவதற்குள் எரித்தாக வேண்டும். தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே நின்றார்கள். நான் போய் கார்டிடம் கேட்டேன்.

"சிக்னல் வுழணும் சார். நான் இன்னா பண்றது?"

ஒரு காலத்தில் இதே பாதையில் பயணிகள் வண்டி ஓடியது. பள்ளியில் என்னிடம் படித்து முடித்தவர்கள் கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வேலைக்குப் போனது அதில்தான். பிறகு ஷிப்ட் தொடங்கிய பின் வந்து சேரும்படி நேரத்தை மாற்றினார்கள். ஆள் ஏறவில்லை என்று சொல்லி வண்டியையே நிறுத்தினார்கள். பள்ளி விட்ட பிறகு சத்துணவு சமைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பசியில்லை என்று எழுதுவதைப் போல. இப்போது ஆலைக்கு நிலக்கரி மட்டும் போகிறது.

பொழுது சாய்ந்தது. வேறு வழியில்லாமல் பாடையைத் தாழ்த்தி, வண்டிக்கு அடியில் தள்ளினார்கள். அந்தப் பக்கம் நாலு பேர் குனிந்து இழுத்தார்கள். மூத்த மகன் தவழ்ந்துகொண்டே சொன்னான்:

"நைனா குடுத்த நெலம் சார். அவுரே ஊந்துகினு போறாரு பாருங்க."

சுடுகாட்டில் பாடையை இறக்கினார்கள். முனுசாமியின் முகத்தில் கரித்தூள் கொட்டியிருந்தது. மகன் துண்டால் துடைத்தான், போகவில்லை. கொள்ளி வைக்கும் முன் நான் திருநீற்றை அள்ளிப் பூசி மறைத்தேன்.