நவமியன்று எனக்குச் செய்த தெவசம்

பிஷ்ணா,

போன திங்கட்கிழமை, சிராத்த நவமியன்று, நீ எனக்குத் தெவசம் செய்தாய். பிண்டத்துக்கு மாவு பிசைந்தது நான், பாயசம் காய்ச்சியது நான், செத்தவளும் நான். அப்படிச் செத்துப்போன நான் இங்கே முட்டி வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறேன். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று பசுபதிநாதரை வேண்டிக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மழை இன்னும் விட்டபாடில்லை, பின்பக்கத்து மதில் பாதி விழுந்துவிட்டது, அநாதை இல்லத்துப் பிள்ளைகளில் நான்கு பேருக்குச் சளி. நீ படுத்திருந்த கட்டிலில் இப்போது இரண்டு பேர் படுக்கிறார்கள். கிர்ஸ்டன் கையில் நீ கொடுத்தனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, அளவு சரியாக இருக்கிறது. பொட்டலத்தின் மேல் மைலி அக்காவுக்கு என்று எழுதியிருந்தாய். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, பதினைந்து வருடமாக இந்த வீட்டில் எல்லோருக்கும் நான் மைலி அக்காதானே, யாராவது பார்ப்பார்கள் என்று பயந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு மாதம் சேவை செய்ய வந்து, உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பிறகு டென்மார்க்குக்குக் கூட்டிப்போய் நர்ஸ் படிப்பில் சேர்த்தவள் கிர்ஸ்டன், நல்ல மனசுக்காரிதான், அவளை நான் குறை சொல்லவில்லை. இந்தத் தடவை உனக்குப் பரீட்சை என்று தனியாக வந்தாள். வந்த மறுநாள் இல்லத்தை நடத்துகிற கேசர் சார் அடுப்படிக்குள் வந்தார். "மைலி, திங்கக்கிழமை வெங்காயம் பூண்டு எதுவும் உள்ள வரக்கூடாது. நம்ம பிஷ்ணா அவங்க அம்மாவுக்குத் தெவசம் குடுக்குது, பிள்ளைங்களுக்கெல்லாம் சாப்பாடு, கிர்ஸ்டன் மிஸ் செலவு" என்றார். எந்த அம்மாவுக்கு சார் என்று கேட்டேன். "அதான், செத்துப்போன அம்மாவுக்கு. ஏன், அதுக்கு எத்தனை அம்மா?" என்று சிரித்தார். என் பிள்ளையைத் தேடி நம் ஊர் ஜும்லாவிலிருந்து ஒன்பது நாள் நடந்தும் லாரியில் தொற்றியும் வந்து இதே வாசலில் விழுந்து அழுதவளை, 'சமையலுக்கு இருந்துக்கோ, ஆனா அது உன்னை அம்மான்னு ஒரு தடவை கூப்பிட்டாலும் ரெண்டு பேரும் வெளியே' என்று சொல்லி உள்ளே விட்ட அதே மனிதர் சிரிக்கிறார். நடிக்கிறாரா, உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, துடைத்து மறுபடி பற்றவைத்தேன்.

இது கிர்ஸ்டனின் ஆசை, உனக்குத் தெரிந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடுவாய் என்று திங்கட்கிழமை காலை வரை நம்பினேன். தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்தார்கள், அதில் நீ தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது, தூக்கம் கெட்டிருக்குமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, என் புத்தியைப் பார். பண்டிதர் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருக்குக் குடுக்கறோம், பேரைச் சொல்லுங்க" என்றார். கேசர் சார் உன் கோப்பைத் திறந்து, நந்தகலா ரோகாயா என்று படித்தார். இந்த வீட்டுக்குள் பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக என் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். "எப்படிப் போனாங்க?" "மண்சரிவுல சாமி, வீட்டோட" என்றார் கேசர் சார். "அடப்பாவமே, சின்ன வயசு" என்று பண்டிதர் உச்சுக் கொட்டினார், நான் அடுப்படி வாசலில் தட்டு நிறைய எள்ளோடு நின்றேன். உன் அப்பா அப்படிப் போனது உண்மை. அந்த ஒரு உண்மையோடு என்னையும் சேர்த்து வைத்துத் தைத்துவிட்டார்கள்.

அடுத்து நடந்ததற்கு நான்தான் பொறுப்பு, அதையும் எழுதிவிடுகிறேன். தாய்க்கு ஒரு பிண்டம், தாயின் மாமியாருக்கு ஒன்று, அவள் மாமியாருக்கு ஒன்று. மாமியார் பெயர் கோப்பில் இல்லை. பண்டிதர் உன்னைக் கேட்டார், நீ தெரியாது என்றாய். "பரவால்ல, கங்கைன்னு சொல்லிக் குடுத்துடலாம்" என்றார். என் மாமியார் உண்மையிலேயே செத்தவள், பிஷ்ணா. உன்னைக் குளிப்பாட்டி வளர்த்தவள். எனக்கு நடக்கிற தெவசம் பொய்யாக இருக்கட்டும், அவளுக்குப் போகிற பிண்டம் பேரில்லாமல் போகக்கூடாது என்று ஏதோ ஒரு வேகம், ஜௌமதி என்று உள்ளேயிருந்து கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று பண்டிதர் கேட்டார். கேசர் சார் என்னைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீ உடுத்திய துணியிலேயே ஒன்றுக்குப் போனது அந்தப் பார்வைக்குத்தான். நான் சொல்லியிருக்கலாம். போனில் நீ இருந்தாய், நீ சொல்லியிருக்கலாம். நீ திரையில் அசையாமல் இருந்தாய், ஒரு நிமிஷம் லைன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், நிற்கவில்லை, உன் காது ஓரத்து முடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரே ஊர்க்காரி சாமி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு காக்கைக்கு இலை போட்டார்கள். மழைத் தூறலில் ஒரு காக்கையும் வரவில்லை, பிள்ளைகள் கத்திக் கத்திக் களைத்துப் போனார்கள், காக்கை தொட்டால்தான் தாய் வந்ததாக அர்த்தம் என்று கேசர் சார் கிர்ஸ்டனுக்குச் சொல்லியிருப்பார் போல, அவள் முகம் வாடிப்போனது. "மைலி, நீ கொண்டுபோய் வை, உன் கைக்குத்தான் அதுங்க வரும்" என்றார் அவரே. தினமும் எச்சில் சோறு போடுகிறவள் நான்தானே. நான் வைத்துக் கை எடுக்கவில்லை, மூன்று காக்கைகள் மதிலிலிருந்து இறங்கின. கிர்ஸ்டன் ஓவென்று அழுதாள். "அம்மா வந்துட்டாங்க, பிஷ்ணா, அம்மா வந்துட்டாங்க" என்று நம் மொழியில் தெரிந்த நான்கு வார்த்தையை வைத்து உன்னிடம் சொன்னாள். வந்தவளின் கழுவாத கையில் சோற்று வாடை இன்னும் இருந்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். அப்போது நீ கேட்டாயே, "என்ன அக்கா, நல்லா இருக்கீங்களா? பாயசத்துல ஏலக்காய் போட்டீங்களா?" என்று. போட்டேம்மா என்றேன். உன் கண் என் முகத்தில் நிற்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாய்.  நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேசர் சார் வெளியே போனதும் அடுப்படிக்கு ஓடிவந்து, மாவு டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து அம்மா அம்மா என்பாய். சத்தமில்லாத அந்த அம்மாவை வைத்துக்கொண்டு நான் பதினொரு வருடம் ஓட்டினேன். வெளிநாட்டுக்குப் போனதும் சத்தமாகச் சொல்வாய் என்று நினைத்தேன், அங்கே யாருக்குப் பயம்? அங்கே போய்த்தான் எனக்குப் பிண்டம் வைத்திருக்கிறாய்.

சாப்பாட்டுப் பந்தியில் நடந்ததைக் கேள். போன மாதம் காலிகோட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள், தன்சரா, ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை. நம்மிடம் வந்தார்களே, பள்ளிக்கூடம், நல்ல சாப்பாடு, ஆங்கிலம் என்று, அதே பேச்சு, ஆள் மட்டும் வேறு. உன்னை நான் கொடுத்தபோது காட்டிலிருந்து துப்பாக்கியோடு வந்தவர்கள் தங்கள் படைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு வேறு வழி தெரியவில்லை, இன்றைக்கு அந்தச் சண்டையும் இல்லை, பிள்ளை பிடிக்கிறவன் மட்டும் நின்றபாடில்லை. பாயசத்தை ஊற்றும்போது எதற்கு இந்தச் சாப்பாடு என்று அவள் கேட்க, பக்கத்தில் இருந்த பெரியவள் செத்துப்போன அம்மாவுக்கு என்றாள். "எங்கம்மா சாகல. எங்கம்மா ஆடு மேய்க்கிறா. நேத்துகூட மேய்ச்சிருப்பா" என்றாள் தன்சரா. "உஷ், மிஸ் முன்னாடி அப்படிச் சொல்லாத, பாயசம் கிடையாதுன்னுடுவாங்க" என்று பெரியவள் அவள் வாயைப் பொத்தினாள். "சொல்லாட்டி ரெண்டு கரண்டி தருவாங்களா?" என்று கேட்டது அந்தச் சின்னது. பந்தியே சிரித்தது, கிர்ஸ்டனும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். அன்றைக்கும் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். "செருப்பக் கழட்டிப் பொட்டியில போடுங்க, மிஸ் வர்றாங்க" என்று, பார்க்கிறவர்கள் பரிதாபப்பட, உன் காலத்தில் விரட்டியதை இன்னும் விடவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்து இவர்களை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறிப் போகிறது, முதல் மூன்று பேருக்கு இவர்கள் அழுகிறார்கள், நான்காவது ஆள் வரும்போது அழுவதை நிறுத்திவிடுகிறார்கள், இவன் எவ்வளவு சமத்து என்று போட்டோ எடுக்கிறார்கள். இங்கே முப்பத்தொரு பிள்ளைகள். தலை வாரும்போது ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறேன், இருபத்து நான்கு பேருக்கு அம்மா உயிரோடு இருக்கிறாள். இருபத்து நான்கு பெண்களைக் காகிதத்தில் கொன்று போட்டுவிட்டு அவர்கள் பிள்ளைகளைக் காட்டிச் சேவைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு சோறு வடித்தவள் நான், எனக்கு யோக்கியதை இல்லை என்று நீ சொல்லலாம், சொல்லு. ஆனால் அன்று சாயங்காலம் கேசர் சார் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. கிர்ஸ்டன் அங்கே இன்டர்நெட்டில் பிள்ளைகளைப் பற்றிப் போடுகிறாளே, அந்தக் கதைகளையெல்லாம் எழுதுவது நீதானாம். "பிஷ்ணா எழுதினா கல்லும் அழும் மிஸ், அது அனுபவிச்ச பொண்ணு" என்றார். தன்சராவின் போட்டோவும் கோப்பும் உறையில் போட்டுத் தயாராக இருக்கிறது, தாய் இறந்துவிட்டாள் என்று அதில் எழுதியிருக்கிறது, மீதியை நீ எழுத வேண்டுமாம், அதைக் காட்டிக் கிர்ஸ்டன் வசந்தத்தில் சேவைக்குப் பத்துப் பேரைக் கூட்டி வருவாளாம். எனக்குத் தெவசம் கொடுத்ததைக்கூட நான் ஒரு மாதிரி முழுங்கிவிடுவேன், நான் ஒப்புக்கொண்டு செத்தவள். காலிகோட்டில் ஆடு மேய்க்கிறவள் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளை எப்படிச் சாகடிக்கப் போகிறாய், மண்சரிவிலா, காய்ச்சலிலா?

உன் படிப்பு போய்விடும், அங்கே தங்குகிற அனுமதி போய்விடும், கிர்ஸ்டன் முகத்தில் முழிக்க முடியாது என்று பயப்படுவாய். பயம்தான், எனக்கும் பயம்தான், தசைன் பண்டிகைக்குள் என்னை இங்கிருந்து துரத்திவிடுவார்கள், துரத்தட்டும், பாத்திரம் தேய்க்க எனக்கு ஊரில் வீடா இல்லை. நீ குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, இரவு வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, பரீட்சையை நல்லபடியாக எழுது. இந்த உறைக்குள் கொஞ்சம் தயிரும் குங்குமமும் கலந்து உலர்த்திய அட்சதை வைத்திருக்கிறேன், தசைன் அன்று உன் நெற்றியில் வைத்துக்கொள், நூறு ஆண்டு இரு, நோய் நொடி அண்டாமல் இரு, உன் வாக்குக்கு மதிப்பு இருக்கட்டும். செத்தவள் கையால் கலந்த அட்சதையை யாரும் நெற்றியில் வைப்பதில்லை, அதனால் வைப்பதற்கு முன்னால் யோசித்துக்கொள்.

இந்தக் கடிதத்தைக் கிர்ஸ்டன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். தன்சராவின் கோப்பும் இதுவும் ஒரே பையில் வருகின்றன. அவளுக்கு நம் எழுத்து தெரியாது, மைலி அக்கா என்ன எழுதியிருக்கிறாள் என்று ஆசையாகக் கேட்பாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

உன்னைப் பெற்ற,
நந்தகலா ரோகாயா

முதல் வரியிலிருந்து இந்தப் பெயர் வரைக்கும், ஒன்று விடாமல், அவளுக்கு அவள் மொழியில் வாய்விட்டுப் படித்துச் சொல்.