'அல்ல' என்ற ஒரு சொல்

இன்று காலை நம் கோயில் வாசலில், சந்திர கிரகணத்தை முன்னிட்டு மாலையில் நடை சாத்தப்படும் என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. அதைப் படித்தபோது உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

பள்ளி நாளிலிருந்து நாம் தோழிகள். நீ சிங்கப்பூர்த் தொழிற்கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்தாய். வெள்ளிதோறும் கோயிலில் தேவாரம் பாடினாய். குடமுழுக்கு மலரைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு வந்ததும் முதலில் உன்னிடம்தான் கட்டுரை கேட்டேன்.

பழங்கால வானியலாளர் ஒருவரைப் பற்றி எழுதித் தந்தாய். பூமி சுழல்கிறது என்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவர். அது சாத்திரத்துக்கு ஒவ்வாது என்று அஞ்சிய பின்வந்தவர்கள், அவருடைய செய்யுளில் 'பூமி' என்ற சொல்லை எடுத்துவிட்டு விண்மீன்களைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதே பக்கத்தில் இந்த வரியும் இருந்தது: 'கிரகணத்தை உண்டாக்குவது ராகு அல்ல, நிழல்.'

கோயில் தலைவர் அந்த வரியில் விரலை வைத்தார். "ராகுகால பூஜைக்கு வர்றவங்க இதப் படிச்சா என்ன நினைப்பாங்கம்மா? கொஞ்சம் பாத்துப் போடுங்க."

நான் 'அல்ல' என்பதை அடித்து 'என்னும்' என்று எழுதினேன். 'ராகு என்னும் நிழல்.' யாருக்கும் நோகாது என்று நினைத்தேன்.

மலர் வந்த அன்று தேக்காச் சந்தைக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைப் படித்தாய். நீ சத்தம் போடவில்லை.

"இங்க ஒரு வார்த்தை மாறியிருக்கே."

"தலைவர்தான் சொன்னாரு."

"அவர் சொல்வாரு. நீ எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. நான் என்ன சாமி இல்லன்னா எழுதினேன்?"

பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனாய். அதன்பிறகு எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உன் பாட்டை மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

டிசம்பரில் சூரிய கிரகணம் வந்தது. நீயாகவே அழைத்தாய். "ரெண்டு கண்ணாடி வாங்கியிருக்கேன். வா."

புக்கிட் பாஞ்சாங்கில் உன் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் நின்று, சூரியன் ஒரு வளையமாவதைப் பார்த்தோம். என் கையை நீ இறுகப் பிடித்திருந்தாய். எல்லாம் முடிந்ததும், "மேல வா, குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போவோம்" என்றாய்.

"நிழல்னு எழுதினவளே குளிக்கிறியா?"

"எங்கம்மா குளிச்சாங்க, நானும் குளிக்கிறேன். எனக்கு அது மனசுக்குப் பிடிச்சிருக்கு. அதுக்காகக் கணக்கை மாத்தி எழுத முடியாதுலா."

மின்தூக்கியில் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்று மட்டும் சொன்னாய். அடுத்த வாரமே தேக்காவில் எனக்கு முன்னால் வந்து இடம் பிடித்திருந்தாய்.

இரண்டு ஆண்டுகளில் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோயிற்று.

இப்போதும் மலர்களுக்கு நான்தான் மெய்ப்புப் பார்க்கிறேன். சென்ற மாதம் ஓர் இளம் மருத்துவர் அலகுக் காவடியைப் பற்றி எழுதியிருந்தார். புதிய தலைவர் ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார். "எழுதினவங்கள இங்க கூப்பிடுங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க" என்றேன். அந்த மருத்துவர் வந்தார். ஒரு மணி நேரம் வாதாடினார்கள். என் குரலும் உயர்ந்தது. கடைசியில் தலைவர் தம் மறுப்பைத் தம் பெயரிலேயே எழுதித் தந்தார். முழுக் கட்டுரையும் மறுப்பும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகியிருக்கின்றன.