வம்சாவளி எழுதுகிறவள்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

இன்று தார்ன்பி குடும்பத்தில் நாற்பத்தொரு பேரைப் பிறக்கவைத்து முப்பத்தெட்டு பேரைச் சாகடித்தேன். மீதி மூன்று பேருக்கு இறந்த தேதி கிடைக்கவில்லை, நாளைக்குப் பார்க்க வேண்டும்.

1680களில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறி வந்து புகையிலைத் தோட்டம் போட்ட குடும்பம். இப்போதைய வாரிசு மிஸஸ் தார்ன்பிக்கு எழுபத்தெட்டு வயது, இங்கே ஹூஸ்டனில்தான் இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு வம்சாவளிப் புத்தகம் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். நூலக வேலை போன பிறகு எனக்கு அமைந்தது இது. வீட்டிலிருந்தே செய்யலாம். அதுதான் வம்பே. வியாழக்கிழமையிலிருந்து வாய் திறந்து ஒரு மனுஷரிடம் பேசவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பழைய கடிதக் கட்டுக்குள் ஒரு கடிதம் மாட்டியது. எழுதியவன் எட்மண்ட் தார்ன்பியின் தம்பி. வருடம் 1761, அப்போதுதான் எட்மண்ட் செத்திருக்கிறான்.

எட்மண்டின் தோட்டத்தில் ஹன்னா என்று ஒரு அடிமைப் பெண். அவளுக்கு மூன்று பிள்ளைகள் - நெட், சூகி, வில். சொத்துப் பட்டியலில் மாடுகளுக்கு அடுத்த வரியில் இருக்கிறார்கள். தம்பி எழுதுகிறான்: மூன்றுக்கும் அண்ணன் முகம், ஊருக்கே தெரியும், எழுத்தில் மட்டும் வேண்டாம் என்று. எட்மண்டின் உயிலில் முப்பது அடிமைகளில் இந்த மூன்று பேருக்குத்தான் விடுதலை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்தக் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் புத்தகத்தில் ஒரு எண் உண்டு. எட்மண்டுக்குக் கீழே மூன்று பேருக்கும் எண் கொடுத்துவிட்டேன். இன்று முழுக்க எனக்குக் காரணமில்லாத சந்தோஷம்.

செப்டம்பர் 20, வெள்ளி

அனுப்பிய பக்கங்களைப் பார்த்துவிட்டு மிஸஸ் தார்ன்பி போன் செய்தார். கோபமே இல்லை. "அது உண்மையாவே இருக்கலாம் டியர். புத்தகத்துல வேண்டாம். சொந்தக்காரங்க கேப்பாங்க" என்றார்.

எடுத்துவிட்டேன். மூன்று வரி, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் குடும்பம், அவர் புத்தகம். எனக்கென்ன வந்தது?

அக்டோபர் 6, ஞாயிறு

சொந்த ஊர் கோபியிலிருந்து கந்தசாமி அண்ணன் கூப்பிட்டார். நவம்பர் பத்தாம் தேதி அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம்.

"அம்மிணி, மண்டபத்து வாசல்ல பெரிய ஃபிளெக்ஸ் வெக்கறோம். நம்ம வம்சம் பூராவும் அதுல வருது. நீதான் அந்த வேலையே பண்றயே, ஒருக்கா பாத்துக் குடு."

பார்த்தேன். பெரியப்பா பிறந்த வருடம் தப்பு. சின்ன அத்தையின் இரண்டாவது பையனை விட்டுவிட்டார்கள். திருத்திக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்தேன். 'தென்றல் - இளமாறன், ஹூஸ்டன்.'

இளமாறன் சான் ஹோசேயில் இருக்கிறார், வேறு மனைவியோடு. எங்களுக்கு விவாகரத்தாகி நாலு வருடம். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

"என்னங்ணா இது?"

"ஒரு நாளைக்குத்தான அம்மிணி. சனங்க கேப்பாங்க. மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லிக்கலாம்."

போன தடவையும் லீவு கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் விசா சிக்கல். இல்லாத புருஷனுக்கு நான் சொல்லாத சாக்கு பாக்கியில்லை. அவர் பேரை எடுத்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.  "உன்ற இஷ்டம்" என்றார் அண்ணன்.

வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 7, திங்கள்

அப்பாவிடமே கேட்டேன். இந்த நாலு வருடத்தில் இதைப் பற்றி அவரிடம் நான் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை.

"அப்பா, அவர் பேர எடுத்துரச் சொல்லுங்க. என் பேரு மட்டும் இருக்கட்டும்."

 "அம்மாகிட்ட குடுக்கறன் சாமி" என்றார். அம்மா என்ன சமையல் என்று கேட்டார். ரசம் என்றேன். பொய். பிரெட்தான்.

அக்டோபர் 8

டிக்கெட் எடுக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

ஒரு வாரமாக மனசே ஆறவில்லை. அண்ணனைத் திட்டித் தீர்க்கிறேன், சரி. நான் என்ன பண்ணினேன்? 'சொந்தக்காரங்க கேப்பாங்க'ன்னு அந்தம்மா சொன்னதும் வாயப் பொத்திக்கிட்டு மூணு பேர அழிச்சேனே, எனக்கு எங்க போச்சு ரோஷம்? என் பேருக்குப் பக்கத்துல ஒரு பொய்ப்பேரு இருந்ததுக்கே எனக்கு இப்படி எரியுது. அதுகளுக்குப் புத்தகத்துல பேரே இல்ல.

நெட், சூகி, வில். திரும்பச் சேர்த்தேன், எண்ணோடு. மிஸஸ் தார்ன்பிக்கு எழுதினேன்: இவர்கள் இல்லாமல் என்னால் இந்தப் புத்தகத்தை முடித்துத் தர முடியாது.

மத்தியானமே போன் வந்தது. அடிக்குறிப்பாகப் போடலாமே என்றார். பிள்ளைகளுக்கு எண் உண்டு மேடம், அடிக்குறிப்பு இல்லை என்றேன். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 22, செவ்வாய்

யோசித்துவிட்டார். மிச்ச வேலையை வேறொருவரிடம் கொடுக்கிறாராம். மரியாதையான மின்னஞ்சல், இரண்டு தடவை நன்றி. கோப்பை மூன்று பேரோடு அப்படியே அனுப்பினேன். புதிதாக வருகிறவர் அழிப்பாரோ வைப்பாரோ, எனக்குத் தெரியப்போவதில்லை.

தைரியமாகத்தான் இருந்தேன். பாத்திரம் கழுவும்போது அழுகை வந்துவிட்டது. முந்நூறு வருஷத்து ஆட்கள், ஒட்டா உறவா, ஆனாலும் ஏழு மாதமாக அவர்கள்தானே கூட இருந்தார்கள்.

அக்டோபர் 31, தீபாவளி

ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். "இவ்ளோதானா மேடம்?" என்று கடைப்பெண் கேட்டாள். இன்னொரு கால் கிலோ போடச் சொன்னேன். யாருக்கென்று தெரியவில்லை.

நவம்பர் 9, சனி

இங்கே ராத்திரி, அங்கே பத்தாம் தேதி பொழுது விடிந்திருக்கும். வீடியோ அழைப்பு வந்தால் எடுக்கப் போவதில்லை. மாப்பிள்ளை எங்கே என்று யாராவது எட்டிப் பார்ப்பார்கள்.

யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் போனைப் பார்த்தால் அண்ணனிடமிருந்து ஒரு படமும் ஒரு வாய்ஸ் மெசேஜும். படத்தில் மண்டபத்து வாசல் ஃபிளெக்ஸ். கடைசி வரிசையில் தென்றல் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் கோணலாக ஒட்டியிருக்கிறது. ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு, அடியிலிருந்து 'மாறன்' எட்டிப் பார்க்கிறது.

மெசேஜில் அண்ணன் பேசியிருந்தார். "நான் மாப்பிள்ளை பேரோட அப்படியேதான் அடிச்சுப்போட்டேன் அம்மிணி. காத்தால ஆறு மணிக்கு வந்து பாக்கறேன், அப்பா ஏணி போட்டு ஏறி நிக்கறாரு. எம்பது வயசுல. எறங்குங்கன்னா கேக்கல, அவரே ஒட்டிப்போட்டுத்தான் எறங்கினாரு. வர்றவங்க எல்லாம் என்னங்க அதுன்னாங்க. ஒவ்வொருத்தருக்கும் அவரே சொன்னாரு. 'நாலு வருசமாச்சுங்க, என்ற புள்ள தனியாத்தான் இருக்குது. எதுன்னாலும் என்னையக் கேளுங்க, அதையக் கேக்காதீங்க.'"

அப்பா மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறியவர். ஆனாலும் எண்பது வயது. கீழே யார் ஏணியைப் பிடித்தார்களோ.

இன்னொரு படமும் வந்தது. மாலையோடு அப்பா, அம்மா, பக்கத்தில் அண்ணன், அண்ணி. அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடமிருக்கிறது.

போயிருக்கலாம். போயிருக்கணும்.