குருத்துக்குப் போன உப்பு

அம்மா,

போடியில் உரக்கடை வாசலில் இன்று ஒரு மூட்டையின் மேல் கைவைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். பொட், டா, சி, யம். முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் வாயால் எத்தனை முறை கேட்ட சொல்! இந்த வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றேன். நீங்கள் இறந்துபோன செய்தி தெரியும். ஆனாலும் முதல் கடிதம் உங்களுக்குத்தான்.

குரங்கணிக்கு மேலே, மஞ்சு இறங்கும் ஏலத்தோட்டம். நான் அங்கே கூலியாள்; நீங்கள் செடிக்குள் சத்து எப்படி நகர்கிறது என்று அளக்க வந்த ஆராய்ச்சிக்கார அம்மா. பொட்டாசியம் போகும் வழியிலேயே போகிற ஓர் உப்பைக் கரைத்து, முதிர்ந்த இலைகளில் தடவினீர்கள். அது எத்தனை நாளில், எவ்வளவு மேலே சேர்கிறது என்று அறிய, தினமும் குருத்தில் ஒரு துண்டு நறுக்கி உறையில் போட்டீர்கள். நான் தண்டில் காது வைத்துப் பார்த்தேன்.

“என்னண்ணே கேக்குது?”

“மழை பேயிற சத்தந்தாம்மா.”

நீங்கள் ஊருக்குப் போயிருந்த ஒரு காலையில், பழைய இலைகளைக் கழிக்கும் கவாத்து எடுத்தோம். பழுத்த இலையைத் தூரில் விட்டுவைக்க எங்களுக்கு மனசு வராது. நீங்கள் உப்புத் தடவியிருந்த மூன்று செடித் தூரையும் நான் சுத்தமாக உரித்துவிட்டேன்.

“மாப்ளே, அளக்குற செடிக்கே மொட்ட போட்டுட்டியே!” என்று கூட வேலை செய்தவர் கத்தினார்.

நீங்கள் திரும்பி வந்து அப்படியே நின்றீர்கள். ஒரு மாத உழைப்பு.

“இலைய எடுக்காதீங்கன்னு சீட்டுல எழுதிக் கட்டியிருந்தேனேண்ணே, பாக்கலையா?”

“கண்ணாடி கொண்டாரலம்மா.”

வேறு மூன்று தூர்களில் முதலிலிருந்து தொடங்கினீர்கள். புதுச் சீட்டில் எழுத்தே இல்லை. ஒரு கத்திப் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. “மழையில எழுத்து அழிஞ்சுபோகுது, அதான் படம்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்.

பிறகு ஒருநாள், குருத்துத் துண்டுகளைச் சோதனைக்கூடத்தில் பார்த்துவிட்டு வந்து, ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கூவினீர்கள். “வந்துருச்சுண்ணே! இலையில தடவுனது குருத்துக்கு வந்துருச்சு!”

அன்று சரிவு முழுக்க, ஒவ்வொரு தண்டுக்குள்ளும் ஏதோ சத்தமில்லாமல் நடந்து போவதுபோல் இருந்தது. கண்ணை மூடினால் இப்போதும் நடக்கிறது.

“சுண்ணாம்புச் சத்து மட்டும் அப்பிடி இல்லண்ணே. போன இலையிலயே தங்கிரும்” என்றீர்கள்.

எனக்குள்ளும் ஒன்று அப்படித் தங்கிவிட்டதம்மா. என்னிடம் கண்ணாடியே இருந்ததில்லை. அந்தச் சீட்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இலையை உரித்தேன். உங்களுக்கு அது அன்றே புரிந்துவிட்டது. ஆனாலும் நானாகச் சொல்லவில்லை. இன்று என் கையாலேயே எழுதுகிறேன்: அன்று எனக்குப் படிக்கத் தெரியாதம்மா.