பனியில் ஓரங்கட்டியவள்

காய்ந்த இலையான கரும்புச் சோகை எரிந்த புகை பனியோடு கலந்தால் அடிபிடித்த வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை வருமே, அது இன்று காலை காருக்குள் வந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன. எப்படியோ நுழைந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இடதுபக்க இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே என் மகள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நீ இல்லை. நீ போய்ச் சேர்ந்து இரண்டு மார்கழி கடந்துவிட்டது. தெரியும்தான். தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, உலைகூட வைக்காமல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் நம் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், எனக்குத் தைரியம் வர.

சிநேகிதிகள் நாம் இருவரும் சேர்ந்து பீங்கான் பொம்மை வியாபாரம் தொடங்கியபோது நம்மிடம் இருந்தது அந்தப் பழைய வேன்தான். மூக்கே இல்லாத வேன். ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் நம் முழங்கால், அவ்வளவுதான். "இடிச்சா வண்டிக்கு முன்னாடி நாமதான்டி போயிச் சேருவோம்" என்று முதல் நாளே சொன்னாய். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் குடில் பொம்மைகளை வைக்கோல் வைத்துக் கட்டி, விருத்தாசலத்தில் ஏற்றி, விடியும்போதே சேத்தியாத்தோப்புக்கும் சிதம்பரத்துக்கும் கிளம்புவோம். மாதா, சூசையப்பர், ஒட்டகம், ஆட்டுக்குட்டிகள், எல்லாரும் பின்னால் கலகலவென்று வருவார்கள். நான் ஓட்டுவேன். நீ ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. "எனக்குப் பயம்" என்று வெட்கமே இல்லாமல் சொல்லிவிட்டாய். பயந்தாங்கொள்ளி என்று உன்னைக் கூப்பிட்டவள் நான். சூளை வேலைக்காரர்கள் முன்னால்கூடக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆனால் பனி இறங்கிவிட்டால் வண்டியைப் பாதி நீதான் ஓட்டினாய். முதல்முறை நான் என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? ஒன்றும் தெரியவில்லையே என்று பிரைட் லைட்டைப் போட்டேன். இருந்த கொஞ்சம் சாலையும் காணாமல் போய், எதிரே வெள்ளைவெளேர் என்று சுவர் எழுந்து நின்றது. "ஐயோ, டிம்ல போடுடி! வெளிச்சம் கீழ தரையில விழட்டும், பனி மேல விழுந்து இன்னா ஆவப்போவுது?" என்று என் தொடையில் அடித்தாய். உன் அண்ணன் பஸ் ஓட்டுநர். அவர் வீட்டில் சாப்பிடும்போது புலம்புவதைக் கேட்டுக் கேட்டே உனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. டிம்மில் போட்டதும் சாலையின் ஓரத்து வெள்ளைக்கோடு மங்கலாக வந்தது. நீ உன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாய். "இருக்குது… இருக்குது… இருக்குது…" கோடு அழிந்த இடத்தில் "இல்ல" என்பாய். நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பேன். மறுபடியும் "இருக்குது" வரும்வரை எனக்கு மூச்சு வராது. நடுநடுவே ஜெபமாலையும் உருளும்.

"மாதாவக் கூப்புடுறியா, கோட்டப் பாக்குறியா? ஏதாவது ஒண்ணச் செய்யி" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"ரெண்டும்தான்டி செய்யிறேன். நீ ரோட்டப் பாரு."

தலையை உள்ளே இழுக்கும்போது உன் புருவமெல்லாம் ஈரமாக இருக்கும். பார்க்கச் சிரிப்பாக வரும். சிரிக்கும் தைரியம் இருக்காது.

லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போனால் நிம்மதி என்பது என் கட்சி. நீ ஒத்துக்கொள்ளவே மாட்டாய். "அவன் எங்க போறான்னு உனக்குத் தெரியுமா? அவன் வூட்டுக்குப் போனா நீயும் பின்னாடியே போவியா?" என்றாய். நான் கேட்கவில்லை. முன்னால் போன லாரி வளைந்தது, நானும் வளைந்தேன். லாரி நின்றது, நானும் நின்றேன். பனிக்குள்ளிருந்து மஃப்ளர் கட்டிய ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "நெல்லா தவிடாம்மா?" என்று கேட்டார். அரிசி ஆலைக்குள் நின்றிருந்தோம். ஒரு வாரம் நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நெல்லா தவிடா" என்றே கூப்பிட்டாய். பயந்த கதையிலும் சிரிக்க ஒரு இடம் உனக்குக் கிடைத்துவிடும்.

அந்த ஒரு காலையில் மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு நீதான் கோடு சொல்லிக்கொண்டு வந்தாய். பின்னாலிருந்து ஒரு பைக் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது. நாம் ஊர்ந்து போவது அவருக்குப் பொறுக்கவில்லை. தலையில் துண்டு கட்டிய ஆள், நம்மைக் கடக்கும்போது திரும்பி என்னவோ திட்டினார். அவருடைய சிவப்பு விளக்கு சற்று நேரம் முன்னால் தெரிந்து, கரைந்து போனது. அடுத்து மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கத்தலோ பிரேக் சத்தமோ எதுவும் இல்லை. அது என்ன சத்தம் என்று எனக்கு விளங்குவதற்குள் நம் சக்கரத்தின் அடியில் சடசடவென்று என்னவோ நொறுங்கியது.

"கிளைடி! கிளை! நிறுத்து!"

வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று மரக்கிளையை ஒடித்துச் சாலையில் போடுவார்கள் இல்லையா, அந்தக் கிளை. வெயிலில் ஊருக்கே தெரியும். பனியில் அதை யார் பார்ப்பது? நீ பார்க்கக்கூட இல்லை, காதால் கேட்டாய். இரண்டு காலையும் பிரேக்கின்மேல் வைத்து அழுத்தினேன். வேன் நின்றபோது கண்ணாடிக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், கரும்பு நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பஞ்சரான கரும்பு டிராக்டர். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு இல்லை, ஒட்டுகிற சிவப்புப் பட்டைகூட இல்லை. மூக்கில்லாத நம் வேன் இன்னும் ஒரு முழம் போயிருந்தால் அந்த நுனிகள் எங்கே இறங்கியிருக்கும் என்று இப்போது எழுதும்போதும் என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். நீதான் கத்தினாய். "ரோட்டுலயே நிக்காத. பின்னாடி பஸ்ஸு வரும். மண்ணுல எறக்கு, இன்னும் எறக்கு!" இறக்கினேன். இறக்கி முடிப்பதற்குள் நீ கதவைத் திறந்து குதித்து, வந்த வழியே ஓடினாய். சாலையில் ஓடவில்லை, மண் ஓரத்தில் ஓடினாய். செல்போன் டார்ச்சைத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டு "நிறுத்து! நிறுத்து!" என்று நீ கூவியது மட்டும் கேட்டது. பனி உன்னை விழுங்கிவிட்டது. உன்னைப் பார்க்க முடியாத அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய பயத்தை நான் இன்றுவரை பட்டதில்லை. பஸ்ஸின் பிரேக் கிறீச்சிட்டது. உன் குரல் நின்றுபோனது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு உன் இருமல் கேட்டது. அப்பாடா.

டிராக்டரில் மோதி அந்தப் பக்கம் தெறித்துக் கிடந்த பைக் ஆளை, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்தான் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப்போனது. உயிர் இருக்கிறது என்றார் ஒருவர். அவர் பிழைத்தாரா என்று நாம் அப்புறம் விசாரிக்கவே இல்லை. விசாரிக்கப் பயம். வெயில் வந்தபிறகு சேத்தியாத்தோப்புக்குப் போய்ச் சரக்கைப் பிரித்தால் ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடக் காது உடையவில்லை. டீக்கடையில் நீ ஒரு வாய் குடித்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாய். அன்றிலிருந்து நான் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடவில்லை.

அத்தனை பனிக்குத் தப்பித்தவள் நீ. கடைசியில் கல்லும் வெடிக்கிற ஒரு சித்திரை மதியத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பளிச்சென்ற வெளிச்சத்தில் போனாய். மூளையில் இரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். அதற்கு எந்தக் கிளையும் யாரும் போட்டு வைக்கவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இனி இன்றைக்கு நடந்ததைக் கேள். என் மகளுக்குச் சிதம்பரத்தில் தேர்வு. அரசு வேலைக்கு. இரண்டு வருஷமாகப் படித்தாள். பட்டினி கிடக்காத குறை. பஸ் வேண்டாம், கூட்டத்தில் நசுங்கிப் போய் எழுத முடியாது, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளப்பினேன். இப்போது நம்மிடம் மூக்குள்ள கார்தான் இருக்கிறது, பனிக்கென்று கீழே மஞ்சள் விளக்குகூட இருக்கிறது. கிளம்பும்போது தெருமுனை தெரிந்தது. ஊரைத் தாண்டிக் கரும்புக் காடு வந்ததும் அந்த வாசனை வந்தது. அதன் பின்னாலேயே பனியும் வந்து மூடிக்கொண்டது. டிம்மில் போட்டேன், மஞ்சள் விளக்கைப் போட்டேன், நடக்கிற வேகத்துக்கு இறக்கினேன்.

"கண்ணாடிய எறக்கி வெள்ளக்கோடு தெரியுதான்னு பாத்துச் சொல்லு பாப்பா" என்றேன்.

"மேப்புல ரோடு நேராதாம்மா போவுது" என்று செல்போனைக் காட்டினாள். அதில் நீலக்கோடு பளிச்சென்று ஓடியது. அந்தச் சாலையில் பனி இல்லை. கரும்பு டிராக்டரும் இல்லை.

ஒரு பெட்ரோல் பங்க்கின் விளக்குகள் இடப்பக்கம் மங்கித் தெரிந்தன. உள்ளே விட்டேன். சாலையை விட்டு நன்றாக உள்ளே போய், சுவரோரம் நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்தேன். ஓரம் நிற்கிற வண்டியின் சிவப்பைப் பார்த்து, ஓடுகிற வண்டி என்று நம்பி எவனாவது பின்னாலேயே வந்துவிட்டால்?

"ஏம்மா நிறுத்துன?"

"பனி விடட்டும்."

"எப்ப விடும்? கேட்டச் சாத்திடுவாங்கம்மா!"

பங்க்கில் இருந்தவர்கூட வந்து சொன்னார். "இதெல்லாம் ஒரு பனியாம்மா? மெதுவா உருட்டிக்கினு போனீங்கன்னா போயிடலாங்க." சாலையில் பஸ்கள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் கதவைத் திறந்து, நான் பஸ்ஸில் போகிறேன் என்று இறங்கப் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எலும்பு தெரியப் பிடித்தேன். வலிக்கிறது என்றாள். விடவில்லை. அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் உன்னை இழுத்து ஒன்று சொன்னாள் பார்:

"பெரியம்மா இருந்திருந்தா போயிருப்பாங்க."

பனி விட்டது. கிளம்பினோம். வழி முழுக்க நான் தேடிக்கொண்டே போனேன். கவிழ்ந்த வண்டியோ, உடைந்த கண்ணாடியோ, போலீஸோ, நான்கு பேர் கூடி நிற்பதோ, ஏதாவது ஒன்று இருக்காதா என்று தேடினேன். இப்படித் தேடுவது பாவம் என்று தெரிந்தே தேடினேன். ஒன்றும் இல்லை. சாலை கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. தேர்வு மையத்தின் கேட் சாத்தியிருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். காவலுக்கு நின்றவர் அவள் முகத்தைப் பார்க்காமல் "ஆர்டர் இல்லம்மா" என்றார். பஸ்ஸில் வந்த பிள்ளைகள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்தவள் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பா, "பஸ்ஸுலயாவது ஏத்தி வுட்டிருக்கலாமே" என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றும் சொல்லிக்கொண்டே போனார்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நீ போயிருப்பாயா? யோசித்துப் பார்த்தேன். போயிருப்பாய். தலையை வெளியே நீட்டி, நடுங்கிக்கொண்டே, ஜெபம் சொல்லிக்கொண்டே போயிருப்பாய். நீ பக்கத்தில் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன். என் பிள்ளை சொன்னது சரிதான். என் தைரியம் என்று ஊர் சொன்னதெல்லாம் உன் குரல்தான் போலிருக்கிறது. நீ போனபிறகு என்னிடம் மிச்சமிருப்பது உன் பயம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டுதான் இன்று அவள் கையைப் பிடித்தேன். நாளைக்கும் பிடிப்பேன். தப்பு என்று யார் சொன்னாலும் அந்தக் கை தானாக நீளும், எனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தாள். சாப்பிடு பாப்பா என்றேன். காதில் விழாதவள்போல் திரும்பிப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். அலமாரியில் பாத்திரங்களெல்லாம் அதிர்ந்தன. அடுத்த தேர்வு எப்போது வருமோ, என்னிடம் எப்போது பேசுவாளோ, தெரியவில்லை.

அறைந்து சாத்தட்டும். அவள் உள்ளே இருக்கிறாள்.