ஹாலோபி மேட்டைத் தோண்டிய நாள்

மே 6, 1823

காலையில் மூன்று பல், ஒரு சீழ்க்கட்டி. பல் பிடுங்க வருகிறவர்கள் எதற்குக் கதை சொல்கிறார்கள்? வாயைத் திறந்தால் போதாதா?

நிலச்சுவான்தார் தோர்ன்ஹில்லின் கடிதம் வந்தது. ஹாலோபி மேட்டில் உள்ள பழங்காலக் கல்லறையைத் தோண்ட ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை. மறுநாள் அங்கே ஏர் பூட்டுகிறார். நான் எழுதும் ஊர் வரலாற்றின் முதல் அத்தியாயம் அந்த மேட்டுக்குள்தான் கிடக்கிறது. தோண்ட வரும் நான்கு ஆட்களில் ஆமோஸ் பெக் பலசாலி. குடலிறக்கம் உண்டு. இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டதே நான்தான். இருக்கட்டும், பட்டை தாங்கும்.

மே 9

பதினொரு மணிக்குக் கற்பலகை தட்டுப்பட்டது. கடப்பாரையால் நெம்பிய ஆமோஸ் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"டாக்டரய்யா, வெளிய வந்துடுச்சு. உள்ள போகமாட்டேங்குது."

"பட்டையை இறுக்கு. பலகை எழும்பட்டும், பார்க்கிறேன்."

கூட இருந்த மூவரில் ஒருவன், "மருத்துவச்சியக் கூட்டியாரவா ஆமோஸ்?" என்றான். சிரித்தார்கள். ஆமோஸும்தான்.

மூன்று மணிக்குப் பலகை எழும்பியது. உள்ளே முழங்காலை மடக்கிய ஓர் ஆள், மண்டையோடு முழுசு. அளந்தேன், வரைந்தேன். ஆமோஸ் புல்லில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். குடல் நெரிபட்டதால் வரும் வாந்தி அது என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் போவதற்குள் விலா எலும்புகளை முடித்துவிட நினைத்தேன்.

ஏழு மணிக்குத்தான் கை வைத்துப் பார்த்தேன். பிதுங்கிய குடல் நகரவில்லை.

மே 10

விடிந்ததும் அவன் வீட்டு மேசையிலேயே அறுத்தேன். பிராந்தி கொடுத்து, இருவர் அமுக்கிப் பிடித்தார்கள். குடல் கருத்துவிட்டிருந்தது. நேற்று பதினொன்றுக்கே விரலால் உள்ளே தள்ளியிருக்கலாம் — நான்கு நிமிட வேலை.

மாலையில் போய்விட்டான்.

மே 14

அவன் மனைவி டாபிதா வந்தாள். வீடு தோர்ன்ஹில்லுடையது. தன் நிலத்து வேலையால் செத்தான் என்று வைத்தியர் எழுதித் தந்தால் இருக்கலாம், இல்லையேல் காலி செய்ய வேண்டும் என்றாராம்.

"மேட்டுல வந்த நோவுன்னு ஒரு வரி எழுதுங்கய்யா. நான் என்ன பொய்யா எழுதச் சொல்றேன்?"

எழுதினால்? வைத்தியன் பக்கத்தில் நின்று என்ன செய்தான் என்று கேட்பார். இன்னும் இரண்டு மேடுகள் அவர் நிலத்தில் இருக்கின்றன.

"பழைய குடலிறக்கத்தால் மரணம்" என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். பொய் இல்லையே. அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"நல்லா இருக்கணும் நீங்க" என்று வாங்கிப்போனாள்.

ஜூன் 2

டாபிதாவையும் பிள்ளைகளையும் ஏழைகள் விடுதியில் சேர்த்தார்கள். இரண்டாவது மேட்டுக்கு அனுமதி வந்தது.

ஜூன் 20

விடுதிக்கும் நான்தான் வைத்தியன். கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல். டாபிதா பிள்ளையைத் தரவில்லை.

"கடுதாசிய வாசிச்சுக் காட்டினாங்க" என்றாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

நவம்பர் 18

முதல் அத்தியாயம் பிழை திருத்துவதற்காக அச்சகத்திலிருந்து வந்திருக்கிறது. மண்டையோட்டின் அளவுகள் எல்லாம் சரி. "நால்வர் தோண்டினர்" என்றிருந்ததை "மூவர்" என்று திருத்தினேன். அதை அடித்து "நால்வர்" என்றேன். மறுபடி அடித்தேன். தாள் ஓட்டையாகிவிட்டது.

வேறு தாள் அனுப்பச் சொல்லி எழுத வேண்டும்.