கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர்

ஜமாலியா,
திருகோணமலை.
வியாழக்கிழமை.

அன்பு மகன் சஜீதுக்கு உன் உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம். மனதுக்கும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. நீ நல்லபடி இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்கும்போது உம்மாவுக்கு என்ன கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் கதைத்தால் உன் வாப்பா பக்கத்துக் கதிரையில் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார். அவர் பள்ளிக்குத் தொழப் போன நேரம் பார்த்து எடுக்கலாம்தான், ஆனால் நான் ஒன்று சொல்லி முடிக்கமுதல் நீ குறுக்கே ஒன்பது சொல்லுவாய். கடிதத்துக்குக் குறுக்கே கதைக்க ஏலாது. அஷ்பாக் லீவு முடிந்து நாளைக்குக் கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுக்கிறேன். சனிக்கிழமை உன்னிடம் தந்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஏன் அந்த அவசரம் என்பது வாசிக்க வாசிக்க விளங்கும். தனியாக இருக்கும்போது வாசி மகன், முழுவதையும் வாசி.

முதலில் வீட்டுப் புதினம். தங்கச்சி ஸல்ஹாவின் சின்னவனுக்கு ஒரு கிழமையாகக் காய்ச்சல், இப்போது குறைந்து சோறு தின்கிறான். குசினிப் பக்கத்துக் கூரை ஒழுகிய இடத்துக்கு இரண்டு தகடு மாற்றியாயிற்று. அஷ்பாக்கிடம் தொதல் இனிப்பும் கருவாடும் கொடுத்துவிடுகிறேன், கருவாட்டை உன் சட்டைகளோடு வைக்காதே. இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ வாப்பாவுக்கு அனுப்பிய வொய்ஸை நானும் கேட்டேன். வாப்பாக்கு என்ன பைத்தியமா, ரூமில எல்லாரும் அந்த வீடியோவப் பாத்துச் சிரிக்கிறாங்க, நான் முகத்த எங்க கொண்டு வைக்கிற என்று கேட்டிருந்தாய். அவர் அதை மூன்று தரம் கேட்டார். பிறகு போனை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார், இன்றைக்கு வரைக்கும் எடுக்கவில்லை. உனக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை என்று நீ இன்னும் கோபமாக இருப்பாய். அவருக்குச் சொல்ல ஏலாது. எனக்கு ஏலும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பார்த்தது நாற்பது செக்கன் வீடியோ. சாரத்தைத் தூக்கிக் கட்டின ஒரு வயசாளியை இரண்டு செக்கியூரிட்டிகள் கக்கத்தில் கைபோட்டு இழுத்துப் போகிறார்கள், பின்னால் யாரோ பாட்டு வேறு போட்டு விட்டிருக்கிறான். அதற்கு முன்னால் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். ஏனென்றால் அன்றைக்கு நானும் ஸல்ஹாவும் நம்மட கழகம் இப்போது விளையாடுகிற அந்தப் புது ஸ்டேடியத்தில்தான் இருந்தோம். பெண்களுக்கென்று நிழலில் ஒரு வரிசை கதிரை போட்டிருக்கிறார்கள், அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான். மற்றதெல்லாம் என்னவென்று கேட்காதே. பழைய ஜெட்டியடி மைதானத்தில் சனம் வெள்ளைக் கோட்டிலேயே குந்தியிருக்கும், பந்து வந்தால் காலை மடக்கும், போனால் நீட்டும். இங்கே சனத்துக்கும் பந்துக்கும் நடுவில் ஓடுகிற பாதை, அதற்கு இந்தப் பக்கம் கம்பி வேலி, விளையாடுகிற பிள்ளை யாரென்று முதுகு இலக்கம் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். வாசலில் வெற்றிலையை வாங்கி வைக்கிறார்கள், தண்ணீர்ப் போத்தலையும் வாங்கி வைக்கிறார்கள். எப்போது கைதட்ட வேண்டும் என்று ஸ்பீக்கர் சொல்கிறது. முதல் மெச்சுக்கு இங்கிருந்து நாலு பஸ் போனது, இப்போது ஒரு பஸ்ஸே பாதி வெறுமை. மீன்கார யோகலிங்கம் உனக்குத் தெரியும்தானே, நீலத்துறைக் கழகம் விளையாடினால் மீனை விட்டுவிட்டு ஓடுகிறவர், அவர் இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். நம்மட கிளப்ப நாமளே விருந்தாளி மாதிரிப் போய்ப் பாக்கிறதா என்று எங்கள் படலையில் நின்று கேட்டார். உன் வாப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

தலைகுனியக் காரணம் இருக்கிறது. மைதானத்தை விட்டுப் போவதா வேண்டாமா என்று பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான். நீ வேலை செய்கிற ஸ்டேடியத்தின் படங்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் காட்டினார். என்ட மகன் வேல செய்யிற இடத்தப் பாருங்க, கதிரையெல்லாம் தன்னால மடங்குது, நம்மட சனம் மட்டும் எத்தின காலத்துக்கு மணலில குந்திக்கிட்டு இருக்கிற என்று கேட்டார். பலபேர் அவர் சொல்லுக்காகக் கை தூக்கினார்கள். திறப்பு விழாவுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனவர் பின்னேரம் திரும்பி வந்து கதிரையில் இருந்தார், தேத்தண்ணி ஆறிப் போகும்வரை தொடவில்லை. என்ன என்று கேட்டேன். ரபீக்கா, நான் எங்க நிக்கிற என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அர்த்தம் இந்தத் திருகோணமலையில் மூன்றே மூன்று பேருக்குத்தான் தெரியும், உன் வாப்பாவுக்கு, எனக்கு, கழகத்துக் கீப்பர் லிங்கநகர் யதுர்சனுக்கு.

வாப்பா எந்த மெச்சிலும் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்பார், பாதி ஆட்டம் முடிந்ததும் வெயிலோ மழையோ மைதானம் முழுக்க நடந்து மற்றக் கம்பத்துக்குப் போவார், இது உனக்குத் தெரியும். லீவில் வந்தபோது நீயே பகிடி பண்ணியிருக்கிறாய். நின்றுகொண்டு சீனி, உப்பு என்று கத்துவார். தாஹிர் காக்காவுக்குப் பசிக்குது, ஆராவது சோறு குடுங்க என்று சனம் சிரிக்கும். அவர் பசியில் கத்தவில்லை மகன். யதுர்சனுக்கு இடது கண் தெரியாது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. இடப்பக்கத்தால் பந்து உயர வந்தால் சீனி, நிலத்தோடு வந்தால் உப்பு, அதைப் பின்னால் நின்று சொல்வதுதான் வாப்பாவின் வேலை. பதினொரு வருஷம் அவன் அப்படித்தான் கோல் காத்தான். மாவட்டத்திலேயே நல்ல கீப்பர் என்று பெயர் எடுத்ததும் அப்படித்தான். நீ கொழும்பில் ஏசி வேலை படிக்கப் போன வருஷம் அவன் எங்கள் குசினி வாசலில் வந்து இருந்து, இடப்பக்கம் தெரியுதில்ல மாமா, ஆனா விளையாடாம இருக்க என்னால ஏலாது என்று அழுதான். இரண்டு பேருமாக அந்த வாசலில் இருந்துதான் சீனியையும் உப்பையும் பேசி வைத்தார்கள். இதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவன் வாப்பாவிடம் வாக்கு வாங்கினான். நான் அடுப்படியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன், என்னிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

புது ஸ்டேடியத்தில் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மனிசரையும் விடமாட்டார்கள். முதல் மெச்சில் வேலியோரம் நின்று கத்திப் பார்த்தார், ஸ்பீக்கர் பாட்டில் அவருடைய சத்தம் அவருக்கே கேட்கவில்லை. அதைவிடப் பெரிய வினை பிறகு வந்தது. பழைய மைதானத்துக் கலகலப்பு இல்லையென்று கவலைப்பட்ட இளம் பொடியன்கள் அந்தச் சீனி உப்பைக் கையில் எடுத்தார்கள். பனியனில் அச்சடித்தார்கள், மேளம் அடித்துச் சீனி, உப்பு என்று மெச் முழுக்கப் பாடினார்கள். வாப்பாவுக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்தார்கள், அதுகளைக் குறை சொல்லவும் ஏலாது. கூரைக்குக் கீழே அது நாலு பக்கமும் எதிரொலித்தது. யதுர்சனுடைய காது அந்தச் சொல்லுக்குப் பழகின காது. சீனி என்று கேட்டால் அவனை அறியாமலே உடம்பு மேலே பாயும், பந்து கீழே போகும். மூன்று மெச்சில் ஒன்பது கோல். அவன் பாயும் திசையைப் பார்த்த சனம் வேறு கணக்குப் போட்டது. காசுக்கு மெச்சை விற்றுவிட்டான் என்று கதை கிளம்பிவிட்டது. லிங்கநகரில் அவன் பந்து பழக்குகிற பிள்ளைகளை நாலு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவனுடைய மனிசி பிரியதர்சினிக்கு இது ஏழாம் மாதம், கடைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் கதைக்கிறார்கள் என்று வெளியே வருவதில்லை.

போன சனிக்கிழமை இதற்கெல்லாம் மேல் வாப்பாவுக்குப் பொறுக்க ஏலாமல் போனது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்திரண்டு வயதில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பி வேலியில் ஏறினார். ஸல்ஹா வாயில் கையை வைத்தாள். விழுந்து எழும்பி ஓடிப் போய்க் கம்பத்துக்குப் பின்னால் வழமையாக நிற்கிற மாதிரி நின்றார். அந்த நேரம் எதிராளி இடப்பக்கத்தால் வருகிறான். வாப்பா உப்பு என்றார். ஒரு தரம்தான். அந்த மேளத்துக்குள்ளும் யதுர்சனுக்குக் கேட்டிருக்கிறது, நிலத்தோடு பாய்ந்து பந்தை நெஞ்சோடு பிடித்தான். மூன்று மாதத்தில் முதல் தரம் சனம் அவனுக்காக எழும்பியது. அது உன் வீடியோவில் இல்லை மகன். உன் வீடியோ அதற்குப் பிறகு செக்கியூரிட்டி வந்ததில் இருந்துதான் தொடங்குகிறது. வாப்பாவை இழுத்துக்கொண்டு போக யதுர்சன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான், அடுத்த பந்து அவன் இடப்பக்கத்தால் உள்ளே போனது.

இப்போது கழகச் செயலாளர் பாக்கியரத்தினம் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விசாரணைக் கூட்டம் வைத்திருக்கிறார். யதுர்சன் வந்து பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விற்றதாகவே எழுதிக் கழகத்தில் இருந்து நீக்குவார்களாம். மாஸ்டரும் கெட்டவர் இல்லை, தெரிந்ததை வைத்துத்தானே முடிவு எடுப்பார். கண்ணைப் பற்றிச் சொன்னால் இனி விளையாட ஏலாது, ஆனால் பெயர் மிஞ்சும். பிள்ளைகளுக்குப் பழக்கிப் பிழைக்கலாம். அவன் சொல்லமாட்டேன் என்கிறான். திங்கட்கிழமை வாப்பாவும் நானும் அவன் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினோம். கள்ளன் எண்டு சொன்னாச் சொல்லட்டும் மாமா, கண் எப்பிடிப் போனது எண்டு கேப்பாங்க, நான் என்னத்தச் சொல்லுற என்று கேட்டான்.

மகன், இனி எழுதுவதை எழுதக் கை வரவில்லை, என்றாலும் எழுதுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் பதினாறு வயது. மழை விட்ட பின்னேரம் ஜெட்டியடியில் நீ பெனால்டி அடித்துப் பழகினாய், அவன் கோலில் நின்றான். நனைந்த பந்து அவன் முகத்தில் பட்டது. அவனைச் சைக்கிளில் ஏற்றி எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தாய், நான் ஐஸ் வைத்தேன், நீ அவனைவிடக் கூட அழுதாய். ஒரு கிழமையில் வீக்கம் வற்றியது, சுகமாகிவிட்டது என்று அவன் சொன்னான், நீயும் மறந்துவிட்டாய். அது சுகமாகவில்லை. பார்வை மங்குவதை மாதக்கணக்கில் வீட்டிலேயே மறைத்தான், கொழும்பில் காட்டும்போது காலம் கடந்துவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார். குசினி வாசலில் இருந்து அவன் வாங்கின வாக்கும் உனக்காகத்தான். சஜீத்துக்குத் தெரிஞ்சா அவன் பிறகு பந்தத் தொட மாட்டான் மாமா என்றான். இப்போது நீ பந்தைத் தொட்டு எட்டு வருஷம், அதுவும் அவனுக்குத் தெரியும். இன்னும் சொல்லமாட்டேன் என்கிறான். அங்க தனிய இருக்கிறான், இதக் கேட்டா உடைஞ்சிருவான் என்கிறான்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை, உன்மீது ஒரு குற்றமும் இல்லை, இதை நான் பெற்றவள் சொல்கிறேன், நம்பு. ஆனாலும் எனக்கு உன்மீது கோபம் இருக்கிறது. நீ அடித்த பந்துக்குப் பதில் சொல்லத்தான் ஒரு மனிசர் பதினொரு வருஷம் வெயிலில் நின்றார், அவரைப் பார்த்துப் பைத்தியமா என்று கேட்டாய். கேட்டது கேட்டதுதான், திருப்பி எடுக்க ஏலாது. உனக்கு இது எப்படி நோகும் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். சொல்லாமல் விட்டு உன்னைப் பாதுகாக்க எனக்கும் ஆசைதான், ஆனால் உன்னைப் பாதுகாக்கப் பாதுகாக்க அந்தப் பிள்ளை கள்ளனாகிக்கொண்டு வருகிறான். கூட்டத்துக்கு முதல் அவனுக்கு நீயே போன் எடு. உனக்குத் தெரியும் என்று சொல். நீ தெரிந்துகொண்டாய் என்றால் அவனுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. பிறகு கூட்டத்தில் சொல்வதும் விடுவதும் அவன் விருப்பம், நாம் நெருக்கக் கூடாது. வாப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, அவருடைய வாக்கு அவரிடமே இருக்கட்டும். அவருடைய போனை நான் அலுமாரியில் இருந்து எடுத்துச் சார்ஜ் போட்டு வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தண்ணீர் குடி, இதை வாசித்த கையோடு ஏணியில் ஏறி வேலை செய்யாதே, அன்றைக்கு ஒரு நாள் லீவு கேள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் இதைத் தாங்கும் மனதையும் தரட்டும், உன் தொழிலில் பரக்கத் செய்யட்டும், உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. லீவில் வந்ததும் நீ முதலில் லிங்கநகருக்குத்தான் போவாய் என்று எனக்குத் தெரியும். அங்கே அவனுடைய இடப்பக்கத்தில் போய் நிற்காதே மகன், நீ வந்தது அவனுக்குத் தெரியாது. வலப்பக்கமாகப் போ.

இப்படிக்கு,
உன்மீது கோபமும் அதைவிடக் கூட அன்பும் உள்ள உம்மா,
ரபீக்கா தாஹிர்